சும்மா மாவு

மாத்திரை கம்பெனியில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், மாத்திரையில் மருந்து போக மீதி இருக்கிறதே, அதுதான் என் வேலை என்பேன். கேட்டவர் முகம் சட்டென்று வாடிவிடும். மருந்து போடுகிறவள் என்றால் ஒரு மரியாதை உண்டு. மீதியைப் போடுகிறவளுக்கு என்ன மரியாதை? ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், "அப்ப கலப்படம்னு சொல்லு" என்று சிரித்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது. பாயசம் வரவேண்டியிருந்ததால் எழுந்து போகவில்லை.

பல மாத்திரைகளில் மருந்து என்பது ஒரு சிட்டிகைகூட இருக்காது. அந்தத் துளியை யாரும் அப்படியே எடுத்து விழுங்க முடியாது. அதைச் சுமக்க ஒரு பொடி, இறுக்கிப் பிடிக்க ஒரு பொடி, மெஷினில் ஒட்டாமல் வழுக்கி இறங்க ஒரு பொடி, வயிற்றுக்குள் போனதும் உடைந்து கரைய ஒரு பொடி என்று பலதும் சேர வேண்டும். இவற்றில் எதுவும் நோயைத் தொடாது. புத்தகத்தில் செயலற்ற பொருட்கள் என்று போட்டிருக்கும். எங்கள் ஆபரேட்டர்கள் வைத்த பெயர் சும்மா மாவு. "மேடம், சும்மா மாவு தீர்ந்துடுச்சு" என்று மெஷின் ரூமிலிருந்து குரல் வரும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

நம் ஊரில் சும்மா என்ற சொல்லை நம்பி எதிலும் இறங்கக் கூடாது. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்பவர் காரியத்தோடுதான் வந்திருப்பார். சும்மா ஒரு வாய் சாப்பிடு என்றால் மூன்று தடவை சோறு வைக்கப் போகிறார்கள் என்று பொருள். நான் வேலையில் சேர்ந்த அன்று எங்கள் எம்.டி. சார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பி.ஃபார்ம் டிகிரி வரைக்கும் என் அசல் சர்டிபிகேட் அத்தனையையும் வாங்கி ஒரு காக்கிக் கவரில் போட்டுக்கொண்டு, "சும்மா ஒரு சேஃப்டிக்குத்தாம்மா" என்றார். எனக்கு முன்னால் இருந்தவர் வேலை கற்றுக்கொண்டு பாதியில் ஹைதராபாத் போய்விட்டாராம். கவர் ஆபீஸ் ரூமில் இருந்த பச்சை பீரோவுக்குள் போனது. மூன்று வருஷம் என்று கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷமும் முடிந்து நாலாவதும் ஓடிக்கொண்டிருந்தது. பீரோ மட்டும் திறக்கவில்லை. கேட்கிற போதெல்லாம் சார் ஒரு காரணம் வைத்திருப்பார். ஆடிட் முடியட்டும், லைசென்ஸ் புதுப்பிக்கட்டும், ஆள் கிடைக்கட்டும். குரலை உயர்த்தவே மாட்டார். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் இல்லை என்பார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கம்பெனி பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் ரோட்டில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. நான் அரியலூரில் மாமியார் வீட்டில் இருந்தேன். காலையில் வேனில் ஏறினால் முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, பின்னால் ஒரு சிமெண்ட் லாரி. நடுவில் எங்கள் வேன் ஊர்ந்து போகும். முந்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. என் நிலைமையும் ஏறக்குறைய அதேதான். கல்யாணமாகி ஐந்தாவது மாதம் வீட்டுக்காரர் கத்தாருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வந்த முதல் வாரம் எனக்கும் அவருக்கும் பேச்சே வராது; பேச ஆரம்பிக்கும்போது டிக்கெட் தேதி வந்துவிடும். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் கெட்டவர் யாருமே இல்லாமல் ஒருத்திக்கு மூச்சு முட்டலாம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். கதவை யாரும் சாத்துவதில்லை. போக இடம் இல்லை, அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரர் போன் பண்ணினார். அவர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பார்மசிஸ்ட் வேண்டுமாம். மேனேஜர் மலையாளி, தெரிந்தவர். என்னைப் பற்றிச் சொன்னதும் சரி என்றுவிட்டார். இரண்டு மாதம் காத்திருப்பாராம். டிகிரி அசலைக் கொண்டுபோய் சென்னையில், டெல்லியில், தூதரகத்தில் என்று வரிசையாக சீல் வாங்க வேண்டும். "ஒரிஜினல் கையில இருக்குல்ல?" என்று கேட்டார். பீரோவில் இருக்கிறது என்றேன். வீட்டு பீரோ என்று நினைத்துக்கொண்டு, "அப்ப பிரச்சினை இல்ல" என்றார். நான் திருத்தவில்லை. மூன்று வருஷம் முடிந்தும் அதை வாங்கத் துப்பில்லாதவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாரிடம் போய் நின்றேன். டீ வந்தது. நான் குடிக்கவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அந்தக் கால்சியத்தை ஒழுங்கா நிக்க வெச்சுக் குடும்மா. அப்புறம் நானே பீரோவைத் திறந்து தரேன். நீ எங்க வேணாலும் போ."

கால்சியம் மாத்திரை அப்போது எங்கள் கம்பெனிக்குப் பிடித்த சனியன். மற்ற மாத்திரை மாதிரி இதில் மருந்து ஒரு துளி அல்ல, பெரும்பங்கே அதுதான். பார்க்கப்போனால் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்குப் பிடிப்பு என்பதே கிடையாது. அழுத்தினால் நொறுங்கும், ஒட்டாது. முன்பெல்லாம் ஸ்டார்ச்சைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, காயவைத்து, சலித்து, அப்புறம் அழுத்துவோம். ஒரு பேட்சுக்கு இரண்டு நாள் ஆகும். சார் ஒரு புது மெஷின் இறக்கினார். கஞ்சி வேண்டாம், பிசைய வேண்டாம், எல்லாப் பொடியையும் கலந்து நேராகப் போட்டால் போதும், மாத்திரை மழை மாதிரி கொட்டும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். கொட்டத்தான் செய்தது. ஆனால் மேல் பாதி தனி, கீழ் பாதி தனி. அச்சிலிருந்து வெளியே வரும்போதே மாத்திரையின் தலை மூடி மாதிரி கழன்று விழும். இதற்கு எங்களிடம் தொப்பி கழட்டுவது என்று பெயர். மெஷின் ஓட்டுகிறவர் ஆண்டிமடத்துக்காரர், வாய் திறந்து பேசவே காசு கேட்பார். அவரே ஒருநாள், "அரியலூர்க்காரங்களுக்குச் சுண்ணாம்பு படியலன்னா எப்படி மேடம்" என்றார். ஊரைச் சுற்றிப் பூமிக்கடியில் எல்லாம் சுண்ணாம்புக் கல். எங்களுக்கு மூட்டை மட்டும் குஜராத்திலிருந்து வரும். அதையும் அவருக்கு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவே எனக்கு நாள் ஆனது. காலையில் முதலில் வரும் மாத்திரை நன்றாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் தொப்பி கழலும். சாயந்தரம் மறுபடி சரியாக வரும். பொடியைக் கலக்கும்போது எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. மெஷினுக்கு மேலே கூம்பு மாதிரி ஒரு தொட்டி இருக்கும். அதில் கொட்டிய பொடி மெஷின் ஆடும் ஆட்டத்தில் பிரிந்துகொண்டிருந்தது. முறத்தில் புடைக்கும்போது உமி ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம் போகிறதே, அப்படி. பிடித்து வைக்க வேண்டிய செல்லுலோஸ், மரநாரிலிருந்து எடுக்கிற மாவு, ஒரு பக்கம் ஒதுங்கியது. வழுக்கி இறங்க உதவுகிற சிலிகா, ஊதினால் புகையாகப் பறக்கிற பொடி, இன்னொரு பக்கம். சுண்ணாம்பு தன் வழியே போனது. கலந்தவை எல்லாம் சேர்ந்தவை ஆகிவிடாது என்று அந்தத் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. என் கல்யாண ஆல்பத்தை நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் அந்த இரண்டு சும்மா மாவையும் பிரிய முடியாதபடி முன்கூட்டியே ஒன்றாக்க வேண்டும். புதிய பொருள் ஆகிவிடவும் கூடாது. ஆகிவிட்டால் அதற்குத் தனியாக ஆயிரம் பரீட்சை, அனுமதி. செல்லுலோஸ் செல்லுலோஸாகவே இருக்க வேண்டும், சிலிகா சிலிகாவாகவே. ஆனால் ஒவ்வொரு துகளிலும் இரண்டும் இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் இதைச் செய்து டிரம் டிரம்மாக விற்கின்றன. வாங்கிக் கொடுங்கள் என்றால் சார் கண்ணாடியைத் துடைப்பார். நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினேன். ஆபரேட்டருக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்து, "வெறுமனே கலக்கறது பஸ்ல ஏறுன கூட்டம் மாதிரி. இது கூட்டுக்குடும்பம் மாதிரி. யாரும் மாற மாட்டாங்க, ஆனா யாரும் வெளிய போக முடியாது" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு டிரம்மை உருட்டிக்கொண்டு போனார்.

சிலிகாவைத் தண்ணீரில் கலக்கி, அதைச் செல்லுலோஸ் மாவில் ஊற்றிப் பிசைந்து, சூடான காற்றில் மிதக்கவிட்டு உலர்த்தி, சலிக்க வேண்டும். எழுதினால் ஒரு வரி. முதல் தடவை தண்ணீர் கூடிப்போய் கேழ்வரகுக் களி மாதிரி ஆனது. காய்ந்ததும் மணலானது. செல்லுலோஸுக்கு ஒரு குணம் உண்டு: அளவுக்கு மேல் நனைந்து காய்ந்தால் தன் பிடிப்பை இழந்துவிடும், அப்புறம் எத்தனை டன் அழுத்தினாலும் ஒட்டாது. இரண்டாவது தடவை தண்ணீர் போதாமல், சிலிகா ஒட்டாமல் பறந்து டிரையரின் துணிப்பையில் போய் அப்பிக்கொண்டது. மூன்றாவதில் பிசையும் நேரத்தைக் குறைத்தேன். நான்காவதில் காற்றின் சூட்டைக் குறைத்தேன். ஒவ்வொரு தோல்விக்கும் இரண்டு மாதத்தில் நாலைந்து நாள் கழிந்துகொண்டிருந்தது. வேனில் உட்கார்ந்து விரலை மடக்கி நாள் எண்ணுவேன். பொடியைப் பார்த்துத் திட்டுவேன். உன்னை எதற்கடா படைத்தான், ஒரு வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் கெடுக்கிறாய் என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. மெஷின் ரூமுக்குள் போக ஒரு சின்ன அறையைத் தாண்ட வேண்டும். இரண்டு கதவு. வெளிக்கதவு சாத்தினால்தான் உள்கதவு திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காது, தூசி வரக் கூடாது என்பதற்காக. கரண்ட் போனால் இரண்டும் தானாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பது விதி. எங்களுடையது மட்டும் கரண்ட் போனால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அன்று மத்தியானம் இடி இடித்தது, கரண்ட் போனது, நான் நடுவில். தலையில் குல்லா, முகத்தில் மாஸ்க். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன். கத்தினேன். உள்ளே காற்று ஓடவில்லை. வியர்த்துக் கொட்டியது. ஐந்து நிமிஷம்தான் இருக்கும். எனக்கு அந்த ஐந்து நிமிஷமும் முழு நாலு வருஷமாக இருந்தது. என் மொத்தப் பிழைப்பும் இந்த இரண்டு கதவுக்கு நடுவில்தான் என்று தோன்றி, வெட்கமில்லாமல் அழுதேன்.

வெளிக்கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் அண்ணன் வந்து நின்றார். கணக்கு, கடிதப் போக்குவரத்து, பீரோச் சாவி எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பது வயசிருக்கும். அதிர்ந்து பேசாத மனுஷர். ஜெனரேட்டர் போட ஆள் போயிருக்கிறது என்று கையால் காட்டினார். அப்புறம் எனக்கு ஆறுதலாக ஏதாவது பேசவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஆபீஸ் ரூமிலும் மழை ஒழுகுகிறது, பச்சை பீரோ மேலேயே சொட்டுகிறது, பின்பக்கம் செல் வேறு அரித்திருக்கிறது என்று கண்ணாடி வழியாகச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் அப்படியா அண்ணே என்றிருப்பேன். அன்று எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன்.

"என் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் போட்டு வைங்கண்ணே. ஏதாவது ஆச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவர் முகம் பயந்திருந்தது. ஜெனரேட்டர் ஓடியது, கதவு திறந்தது, நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். அவரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று சாயந்தரம் வேனில் தோன்றியது. மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து, கேட்கவில்லை.

ஆறாவது தடவை பொடி சரியாக வந்தது. கையில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது. விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி வழிந்தது. அழுத்தினால் இறுகி நின்றது. சல்லடையில் போட்டு எவ்வளவு உலுக்கினாலும் வெள்ளைப் புகை எழவில்லை. சிலிகா செல்லுலோஸை விட்டுப் போகவே இல்லை. அதைச் சுண்ணாம்போடு கலந்து மெஷினில் போட்டோம். காலை, மத்தியானம், சாயந்தரம் என்று மாத்திரை எடுத்து, உருட்டிப் பார்க்கும் டப்பாவில் போட்டுச் சுழற்றினோம். ஓரம்கூட உதிரவில்லை. ஆண்டிமடத்துக்காரர் ஒரு மாத்திரையை நகத்தால் நெம்பிப் பார்த்தார். "தொப்பி நிக்குது மேடம்" என்றார். அவர் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் பாத்ரூமில் போய்ச் சத்தமில்லாமல் குதித்தேன்.

சார் சொன்ன சொல் தவறவில்லை, அதையும் சொல்லவேண்டும். அடுத்தடுத்து மூன்று பேட்ச் ஓட்டிப் பார்த்தார். செய்முறையை எழுதித் தரச் சொன்னார், ஆபரேட்டருக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, ஆபீஸ் அண்ணனிடம் பீரோவைத் திறக்கச் சொன்னார். கிளினிக் கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அண்ணன் காக்கிக் கவரை இரண்டு கையாலும் கொடுத்தார். கவருக்குள் எல்லாம் பளபளவென்று இருந்தது. டிகிரி, மார்க் ஷீட் அத்தனைக்கும் லேமினேஷன். கெட்டியான கண்ணாடித் தாளுக்குள் என் பெயர் மின்னியது. "தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாது மேடம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் அன்று கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று, ரொம்ப நன்றிண்ணே என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

அன்றைக்கே வீடியோ காலில் வீட்டுக்காரரிடம் டிகிரியைக் காட்டினேன். ட்யூப் லைட் பட்டு ஒரே வெளிச்சமாக அடித்தது. ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது என்றார். மாமியார்கூட வாங்கிப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. மூன்று நாள் அந்தக் கவரோடுதான் திரிந்தேன்.

திருச்சியில் சீல் வாங்கித் தருகிற ஏஜென்சி ஒன்றுக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். டிகிரியை வாங்கி முன்பக்கம் பார்த்தாள், திருப்பினாள், பின்பக்கத்தை விரலால் தடவினாள். சீல் எங்கே போடுவது என்று கேட்டாள். பின்னால்தான் என்றேன். பிளாஸ்டிக் மேல் போட்டால் செல்லாது, அசல் காகிதத்தில்தான் விழவேண்டும், லேமினேஷன் பண்ணியதை எந்த ஆபீஸும் வாங்காது என்றாள். வருகிறவர்களிடம் தினம் சொல்லிச் சலித்த குரல். "பிரிச்சுட்டு வாங்க" என்று கவரை நீட்டினாள்.

பிரிச்சுட்டு வாங்க. எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. இரண்டு மாதமாகப் பிரிய முடியாதபடி ஒட்ட வைக்கிற வேலையைத்தானே செய்துகொண்டிருந்தேன். காகிதம் காகிதமாகவே இருக்கிறது, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே இருக்கிறது, நடுவில் சூட்டில் உருகிய பசை நார் நாராக இறங்கியிருக்கிறது. என்னைவிட நன்றாக யாரோ ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் செய்திருந்தார். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கெடுவுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று விரலை மடக்கி எண்ணினேன்.

வீட்டில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முயன்று பார்த்தேன். போனாலும் அதுதான் போகட்டும் என்று. துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் மெதுவாகச் சூடாக்கி, ஓரத்தில் பிளேடு விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். பிளாஸ்டிக் வந்தது. கூடவே காகிதத்தின் மேல்தோலும் வந்தது. தமிழில் நான் வாங்கிய மார்க் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, திருப்பிப் போட்டபடி என்னைப் பார்த்தது. டிகிரியைத் தொடவே இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன் பண்ணினேன். தொலைந்தால் மறுபிரதி தருவோம், போலீஸ் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். தொலையவில்லை, லேமினேட் ஆகிவிட்டது என்றேன். அப்படியென்றால் உங்களிடம்தானே இருக்கிறது என்று வைத்துவிட்டார்கள். மனு போட்டேன். இன்னும் ஒரு மனு போட்டேன். கெடு முடிந்தது. கிளினிக்கில் எர்ணாகுளத்துப் பெண் ஒருத்தி சேர்ந்துவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். அப்புறம், "சரி விடு, சாப்டியா?" என்றார். அந்தக் கேள்வி தாங்கவில்லை எனக்கு. திட்டியிருக்கலாம்.

மறுநாள் வேனிலிருந்து இறங்கியதும் நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன கேட்பது என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். யாரைக் கேட்டுச் செய்தீர்கள், உங்களுக்கு அறிவில்லையா, என் வாழ்க்கை என்ன உங்கள் வீட்டு ரேஷன் கார்டா. அண்ணன் ஏதோ ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். குரல் உயர்த்தாமல்தான் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்கதானே மேடம் பிளாஸ்டிக் போட்டு வைங்கன்னீங்க."

நான் சொன்னதுதான். நனையாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள் என்று நான் சொல்ல நினைத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். பிளாஸ்டிக் போடுவது என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் ஒன்றுதான். ஐடி கார்டுக்குப் போடுகிறோம், ரேஷன் கார்டுக்குப் போடுகிறோம், சாமி படத்துக்குப் போடுகிறோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியது நான். பயந்து போய் அந்த மழையிலேயே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடியது அவர். யாரைத் திட்டுவது?

ஒரு கேள்விதான் மிஞ்சியது. பீரோவில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேருடைய கவர் இருக்கிறது. அதையும் இப்படித்தான் செய்தீர்களா என்று கேட்டேன். குறைந்தபட்சம் மற்றவர்களுக்காவது சொல்லி வைக்கலாமே என்று.

"இல்ல மேடம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "அதெல்லாம் அப்படியேதான் கெடக்கு. நீங்க மட்டுந்தானே கேட்டீங்க."

திறந்திருந்த பீரோவைப் பார்த்தேன். காக்கிக் கவர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, ஈரம் பட்டு ஓரம் சுருண்டு, செல் அரித்த தூள் உதிர்ந்து கிடந்தன. அவற்றில் எதை வேண்டுமானாலும் நாளைக்கே எடுத்துப் பின்பக்கம் சீல் குத்தலாம்.

அண்ணன் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். அதற்குள் மெஷின் ரூமிலிருந்து இன்டர்காமில் ஆண்டிமடத்துக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், சும்மா மாவு தீர்ந்துடுச்சு."

குல்லாவைப் போட்டுக்கொண்டு போனேன். வெளிக்கதவைச் சாத்தினேன். உள்கதவு திறக்கும் வரைக்கும் நின்றேன்.